பூசணிக்காய் போகும் வழி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். தரைத்தளத்தில் இருக்கும் பெரியவருக்கு மாடிப்படி விளக்கு ஒரு மானப் பிரச்சினை. இரவு பத்து மணிக்கு மேல் யாராவது அதை அணைக்காமல் போய்விட்டால், மறுநாள் காலை பால் வாங்க இறங்குகிற எல்லோருக்கும் அர்ச்சனை நடக்கும். அந்த அர்ச்சனை நடந்துகொண்டிருக்கும்போதே மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, சுவரோரம் சடசடவென்று தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். மோட்டார் போட்டவர் குளிக்கப் போயிருப்பார்.

சங்கத்தின் கணக்குப் பொறுப்பு என் தலையில் விழுந்த ஆண்டில் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். படிக்கட்டில் இருப்பது 9 வாட் எல்.இ.டி. விளக்கு. இரண்டு மாதம் இரவு பகலாக எரியவிட்டாலும் 13 யூனிட்தான். மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறன். தொட்டி நிரம்பிய பிறகும் தினம் கால் மணி நேரம் ஓடினால், அதே இரண்டு மாதத்தில் 16 யூனிட்டைத் தாண்டிவிடும். கூடவே தண்ணீரும் போகிறது. வழிகிற குழாயின் அடியில் 15 லிட்டர் வாளியைப் பிடித்துப் பார்த்தேன். 18 நொடியில் நிரம்பியது. நிமிடத்துக்கு 50 லிட்டர், கால் மணி நேரத்துக்கு 750 லிட்டர். கடுகு போன இடத்தை ஆராய்கிறவருக்குப் பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்களே, அதுதான்.

சிக்கனத்தில் நாம் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் அளந்து பார்க்காததால் வருகின்றன. மின்சாரத்தை அளக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். வாசலில் இருக்கும் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் அருகில் 3200 என்பதுபோல ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்த விளக்கு அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட் ஆயிற்று என்று பொருள். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுச் சிமிட்டலை எண்ணுங்கள். 3200 மீட்டரில், 75 வாட் பழைய மின்விசிறிக்கு நிமிடத்துக்கு நான்கு சிமிட்டல். ஒன்றரைக் கிலோவாட் ஏ.சி. முழு வேகத்தில் ஓடினால் எண்பது. 2,000 வாட் கீசருக்கு நூறைத் தாண்டும், எண்ணிக் கட்டுப்படியாகாது. பிள்ளைகளை எண்ணவிடுங்கள். நாம் ஆயிரம் முறை சொல்லிக் கேட்காத பையன், கீசர் போட்டதும் மீட்டர் படபடப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

இப்படி எண்ணும்போது சில ஆச்சரியங்கள் கிடைக்கும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சிமிட்டல் தொடர்ந்தால், டி.வி.யின் கீழே இருக்கும் செட்-டாப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். ரிமோட்டில் அணைப்பது அதற்கு அரைத் தூக்கம்தான். 10 வாட் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். பூஜை அறையில் எரியும் பழைய ஜீரோ வாட் பல்பும் அப்படித்தான். பெயரில்தான் பூஜ்ஜியம். இழை உள்ள அந்தப் பல்பு 12 முதல் 15 வாட் வரை எடுத்துக்கொள்ளும், மாடிப்படி விளக்கைவிட அதிகம். இதைப் பெரியவரிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

மின்விசிறி விஷயத்தில் தவறு வேறு மாதிரி. ஏ.சி. வாங்கும்போது நட்சத்திரக் குறியை ஆராய்கிறவர்கள், விசிறி வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறார்கள். நம் ஊரில் விசிறி நாளுக்குப் பதினாறு மணி நேரம் சுற்றுகிறது. பழையது இரண்டு மாதத்தில் 72 யூனிட் எடுக்கும் இடத்தில், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி 29 யூனிட் எடுக்கும். விலை கூடுதல்தான். எல்லா அறைக்கும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை, கூடத்தில் ஓயாமல் சுற்றுவதை முதலில் மாற்றினால் போதும். ஏ.சி.யில் 18 டிகிரி வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பது பெரும்பாலானோர் நம்பிக்கை. சாதாரண ஏ.சி.யில் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18 என்று சொன்னால் வேகம் கூடாது, நிற்பதற்குத்தான் நேரமாகும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படுவதும் அதனால்தான். 26-இல் வைத்து, மேலே விசிறியை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள்.

மின் கணக்காளர் வந்து குறிக்கும் நாள் வரை மீட்டரைத் திரும்பிப் பார்க்காதது அடுத்த தவறு. தமிழ்நாட்டில் கட்டணம் படி வைத்து ஏறுகிறது, இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டில் இருக்கும் படி கொஞ்சம் உயரமானது. 2022 செப்டம்பரில் வந்த விகிதப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த 2 ரூபாய் 25 காசு விலை பழைய தேதியிலிருந்தே 4 ரூபாய் 50 காசாகிவிடுவதுதான் காரணம். அதன்பின் விகிதங்கள் ஏறியிருக்கின்றன. உங்கள் ரசீதை வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொண்டு, மாதம் ஒருமுறை மீட்டரைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 480-இல் நிற்கிறோம் என்று தெரிந்தால் கடைசி வாரம் தானாகவே அடக்கம் வந்துவிடும்.

தண்ணீருக்கு வருவோம். எனக்கு அதிகம் கோபம் வருவது, குடிநீரில் உப்பை நீக்கும் ஆர்.ஓ. கருவியின் மீதுதான். கருவியின் மீது என்று சொல்வதும் தவறு, எந்தத் தண்ணீர் வருகிறது என்று பார்க்காமலே அதை மாட்டிக்கொள்ளும் பழக்கத்தின் மீது. வீட்டில் இருக்கும் சாதாரண ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்குள் ஏறக்குறைய மூன்று லிட்டரைக் கழிவுக் குழாயில் தள்ளிவிடும். குடிக்கவும் சமைக்கவும் தினம் 20 லிட்டர் எடுக்கும் வீட்டில் 60 லிட்டர் சிங்க்கில் போகிறது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீருக்கு இது தேவைதான். ஆனால் தென்சென்னையில் பல பகுதிகளுக்கு வருவது நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்பும் தண்ணீர். அது ஆலையிலேயே ஆர்.ஓ. முறையில் உப்பு நீக்கப்பட்டது. அதை வீட்டில் மறுபடியும் ஆர்.ஓ.வில் விடுவது, குளித்துவிட்டு வந்தவரை வாசலில் நிறுத்தி மறுபடியும் குளிக்கச் சொல்வது போல.

குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் அந்த அளவுக்குக் கீழ் ஆர்.ஓ.வைத் தடைசெய்யும்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அளந்து பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் பேனா அளவில் இருக்கும், சில நூறு ரூபாய்தான். பன்னிரண்டு வீட்டுக்கும் நாங்கள் ஒன்றுதான் வாங்கினோம். ஓர் எச்சரிக்கை: அது உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. எண் குறைவாக இருந்தாலும் காய்ச்சியோ, புற ஊதா வடிகட்டியில் விட்டோதான் குடிக்க வேண்டும்.

கழிவு நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறோம் என்று பெருமைப்படுகிறவர்களும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஆர்.ஓ. தள்ளும் நீரில் உப்பு கூடியிருக்கும். வந்த நீரில் லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் என்றால் வெளியேறுவதில் 2,000 அளவில் நிற்கும். எங்கள் கறிவேப்பிலைச் செடி அதைக் குடித்து இலை நுனி கருகி, ஒரு கோடையில் மொட்டையாகிப்போனது. வீடு துடைக்கவும் கழிப்பறைக்கு ஊற்றவும் அந்த நீர் போதும்.

கழிப்பறை என்றதும் ஃப்ளஷ் தொட்டி. அதில் ஒழுகுவது சத்தம் போடாது, அதனால் மாதக்கணக்கில் தெரியாது. வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் பத்துச் சொட்டைத் தொட்டிக்குள் விட்டு, கால் மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் இருங்கள். கோப்பைக்குள் நீலம் இறங்கியிருந்தால் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. தொட்டியில் செங்கல் போட்டால் தண்ணீர் மிச்சம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நானும் போட்டேன். செங்கல் ஊறிக் கரைந்து, பொடி வால்வில் சிக்கி, மிச்சம் பிடித்ததைவிட அதிகம் ஒழுகியது. மணல் நிரப்பி இறுக மூடிய பாட்டில் போதும். அதேபோல, ஏரேட்டர் என்று கடையில் கேட்டால் கிடைக்கும் சல்லடை மூடியைப் பாத்திரம் கழுவும் குழாயில் மாட்டுங்கள். குளியலறை வாளிக் குழாயில் மாட்டிப் பயனில்லை. வாளி கொள்வது வாளி கொள்வதுதான், நிரம்ப நேரமாகும், அவ்வளவே.

குப்பையில் என் சொந்தத் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். மூன்றடுக்கு மண்பானை வாங்கி உரம் தயாரிக்கத் தொடங்கிய மூன்றாவது வாரம், பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, "எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா, பாருங்கள் தம்பி" என்றார். செத்தது எலி இல்லை, என் உரம். காய்கறித் தோலோடு மிஞ்சிய சாம்பார், ரசத்தின் அடி மண்டி, மோர்ச்சோறு என்று ஈரத்தின் மேல் ஈரமாகக் கொட்டியிருந்தேன். காற்றுப் புகாத ஈரம் மக்காது, அழுகும். ஒரு கை காய்கறிக் கழிவு போட்டால் இரண்டு கை காய்ந்த சருகோ தென்னை நார்க்கழிவோ போட வேண்டும். பானையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கையில் இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் சருகு போதவில்லை, உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம். ஆரம்பத்தில் புளித்த மோர் ஒரு குவளை ஊற்றினால் வேலை சீக்கிரம் பிடிக்கும். கொழுத்த புழுக்கள் நெளிந்தால் அருவருப்பாக இருக்கும், கெடுதல் இல்லை. மாங்கொட்டையையும் தேங்காய்ச் சிரட்டையையும் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

"மக்கும் பை" என்று அச்சிட்ட உறையை அந்தப் பானையில் போடுவதும் வீண். அது மக்க 50 டிகிரிக்கு மேல் வாரக்கணக்கில் சூடு வேண்டும், ஆலைகளில்தான் அது நடக்கும். கல்யாண வீடுகளில் வாங்கிச் சேர்த்த முப்பது மஞ்சப்பைகள் அலமாரியில் தூங்க, கடையில் மறுபடியும் கவர் கேட்பதைப் பற்றி என்ன சொல்ல. ஒன்றை மடித்து வண்டியின் பெட்டியில் போட்டு வையுங்கள். நாப்கின், டயபர், உடைந்த கண்ணாடி ஆகியவற்றைத் தனியே செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பது இயந்திரமல்ல, கையுறை கூடச் சரியாக இல்லாத ஒருவரின் கை.

பால் கவரின் மூலையை வெட்டும்போது துண்டாக்கிவிடாதீர்கள், ஒட்டியபடியே விடுங்கள். கவரைக் கழுவிக் காயவைத்தால் காயலான் கடையில் எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். அந்த மூலைத் துண்டை யாரும் வாங்க மாட்டார்கள், அது சாக்கடைக்குத்தான் போகும். எங்கள் இரண்டாம் மாடிக்காரர் காலிக் கவர்களில் மண் நிரப்பி, மொட்டைமாடியில் தக்காளி நாற்று வளர்த்தார். நல்ல எண்ணம்தான். இரண்டு வெயில் பார்த்த கவர், தொட்டால் அப்பளம்போல நொறுங்கியது.

நொறுங்கிய துணுக்குகள் எங்கே போயின என்று போன செப்டம்பரில் தெரிந்தது. 2003-இல் மாநிலம் முழுவதும் கட்டாயமாக்கியபோது கட்டிய மழைநீர்க் குழி எங்களுக்கும் உண்டு. குழி இருப்பதே போதும் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டோம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் மட்டும் அது 1.3 லட்சம் லிட்டர். எங்கள் மாடி அதைவிட நான்கு மடங்கு பெரியது. மூடியைத் திறந்தபோது மேல்மணல் சேறாகி இறுகிக் கிடந்தது. அதன் மேல் ஓர் இறகுப்பந்து, வெள்ளையடித்த சுண்ணாம்புக் கட்டிகள், இரண்டு கை அளவு பால் கவர்த் துணுக்குகள். பெய்த மழை எல்லாம் அந்தச் சேற்றின் மீது தேங்கி, வழிந்து, தெருவுக்குப் போயிருக்கிறது.

மேல்மணலை அரை அடி ஆழத்துக்கு அள்ளிவிட்டுப் புது மணல் போட்டோம், மாடிக் குழாயின் வாயில் வலை கட்டினோம், முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட ஒரு திருகு வைத்தோம். அந்தத் திருகை மூடும் பொறுப்பைப் பெரியவர் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் மிதவை சுவிட்சுக்கு மட்டும் சங்கத்தில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் பணம் தரவில்லை.