பழ ஈயில் பார்க்கின்சன் மருந்துச் சோதனை: ரோட்டினோன் ஊட்டுவது முதல் ஏறுதல் சோதனை வரை

ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லி மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) காம்ப்ளெக்ஸ் 1 என்ற புரதக் கூட்டை முடக்கும். இதைச் சில நாள் உணவில் கலந்து கொடுத்தால், பார்க்கின்சன் நோயில் போலவே பழ ஈக்களின் நடமாட்டம் தளர்ந்து, மூளையில் டோபமின் நரம்பணுக்கள் குறைவதைக் கூலோம், பிர்மன் என்ற ஆய்வாளர்கள் 2004-ல் காட்டினார்கள். எலிக்குப் போவதற்கு முன் ஒரு மருந்தைச் சலித்துப் பார்க்க இது மலிவான வழி.

1. ஈக்கள்: கேன்டன்-எஸ் வகை (ஆய்வகங்களில் வளர்க்கும் இயல்பான ஈ) ஆண் ஈக்கள், வயது 1 முதல் 3 நாள். பெண் ஈக்கள் அதிகம் தின்னும், முட்டையிடும், கலக்க வேண்டாம். கரியமில வாயுவில் மயக்கிப் பிரித்த பின் ஒரு முழுநாள் ஓய்வு கொடுங்கள். மயக்கம் முழுதாகத் தெளியாத ஈ நோயுற்ற ஈ போலவே தள்ளாடும்.

2. உணவு, 100 மி.லி.க்கு: அகார் 0.8 கிராம், சோளமாவு 6, சர்க்கரை 5, ஈஸ்ட் 1.5. காய்ச்சி இறக்கி, 60 டிகிரிக்குக் கீழே ஆறியதும் எத்தனாலில் கரைத்த 10% நிபாஜின் (பூஞ்சைத் தடுப்பான்) 1 மி.லி. சேர்க்கவும்.

3. நஞ்சு: 39.4 மி.கி. ரோட்டினோனை 1 மி.லி. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்தால் 100 மில்லிமோலார். இதில் 0.5 மி.லி.யை 100 மி.லி. உணவில் கலந்தால் 500 மைக்ரோமோலார், டி.எம்.எஸ்.ஓ. 0.5 சதவீதம். ரோட்டினோன் தண்ணீரில் கரையாது. மொத்தமாக ஊற்றினால் திரிந்து அடியில் தங்கும், ஒரு குப்பியில் ஈக்கள் சாகும், அடுத்ததில் துள்ளும். கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெளிச்சத்தில் சிதையும் என்பதால் குப்பிகளை அலுமினியத் தாளில் மூடுங்கள். எடை போடுவது நச்சுக்காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டியில் (fume hood), கையுறையோடு. டி.எம்.எஸ்.ஓ. நஞ்சைத் தோல் வழியே உள்ளே கொண்டுபோகும்.

4. குழுக்கள்: டி.எம்.எஸ்.ஓ. மட்டும், ரோட்டினோன், ரோட்டினோனும் மருந்தும், மருந்து மட்டும், ரோட்டினோனோடு 1 மில்லிமோலார் எல்-டோபா (பார்க்கின்சனுக்கு வழக்கமாகத் தரும் மருந்து, 100 மி.லி.க்கு 19.7 மி.கி.). எல்லாவற்றிலும் டி.எம்.எஸ்.ஓ. அளவு ஒன்றே. குழுவுக்கு 8 குப்பி, குப்பிக்கு 10 ஈ, 25 டிகிரி, இரண்டு நாளுக்கு ஒருமுறை புது உணவு, மொத்தம் 7 நாள். கணக்கில் குப்பிதான் ஓர் அலகு. 80 ஈ என்பதால் மாதிரி எண்ணிக்கை 80 என்று எழுதுவது இத்துறையில் அடிக்கடி கண்ணில் படும் பிழை.

5. ஏறுதல் சோதனை: தினமும் அதே நேரத்தில். ஈக்களைக் காலிக் குப்பிக்கு மாற்றி, இன்னொரு காலிக் குப்பியை வாயோடு வாய் வைத்து ஒட்டி, அடியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் கோடு போடுங்கள். தட்டி எல்லா ஈயையும் கீழே விழவைத்து, 10 வினாடியில் கோட்டைத் தாண்டியவற்றை எண்ணுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை, சராசரி எடுக்கவும். எண்ணுபவருக்கு எந்தக் குப்பி எந்தக் குழு என்று தெரியக்கூடாது. வேறொருவர் குறியீடு ஒட்டட்டும். செத்தவற்றைத் தனியாகக் குறியுங்கள். பலவீனமானவை செத்து, மிஞ்சிய வலுவானவை மட்டும் ஏறினால் சராசரி தானாகவே உயர்ந்துவிடும்.

6. தீனி அளவு: இதைத் தவிர்த்துச் செய்த சோதனையை நம்பவே முடியாது. மருந்து கசந்தால் ஈ குறைவாகத் தின்னும். நஞ்சும் குறைவாகவே உள்ளே போகும். ஈ நன்றாக ஏறும். மருந்து வேலை செய்ததாகத் தோன்றும். உணவில் 1% பிரில்லியன்ட் புளூ சாயம் கலந்து அரைமணி நேரம் தின்னவிடுங்கள். நேரம் கூடினால் சாயம் எச்சத்தோடு வெளியேறும். 10 ஈக்களை 1 மி.லி. தண்ணீரில் அரைத்து, மையவிலக்கில் சுற்றி, தெளிந்த நீரை 630 நானோமீட்டரில் அளக்கவும். கண்ணின் சிவப்பு நிறமியும் சேர்ந்து வரும் என்பதால் சாயம் தின்னாத ஈக்களின் அளவைக் கழிக்க வேண்டும். ரோட்டினோன் குழுவும் ரோட்டினோனோடு மருந்து பெற்ற குழுவும் ஒரே அளவு தின்றிருந்தால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அப்போதும் ஏறுவது மேம்பட்டதை வைத்து நரம்பணு பிழைத்தது என்று எழுதிவிட வேண்டாம். அதே 2004 ஆய்வில் எல்-டோபா ஈக்களின் நடமாட்டத்தைச் சீராக்கியது, நரம்பணுச் சாவைத் தடுக்கவில்லை. மெலடோனின் இரண்டையும் குறைத்தது. உங்கள் மருந்து இதில் எந்தப் பக்கம் என்பது மூளையைப் பிரித்தெடுத்து, டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் (டோபமினை உருவாக்க உதவும் நொதி) எதிர்ப்பொருளால் சாயமேற்றி, கொத்துக் கொத்தாக நரம்பணுக்களை எண்ணினால்தான் தெரியும்.