அரிவாள் செல் மரபணுவை வைத்து இயற்கைத் தேர்வைக் கணக்கிடுவது எப்படி?

மருத்துவம் வளர்ந்ததும் மனிதரிடம் இயற்கைத் தேர்வு நின்றுபோனதாகப் பலரும் நம்புகிறார்கள். நிற்கவில்லை. தாளும் பேனாவும் இருந்தால் அதன் வேகத்தைக்கூடக் கணக்கிடலாம். இதற்கு, ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள்போல் வளைத்துவிடும் அரிவாள் செல் மரபணுவே சிறந்த பயிற்சி. இந்தியாவில் இது முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். 1954இல் ஆந்தனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வு மூலம் இதற்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்.

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிடுகிறது, மாற்றம் அவ்வளவுதான். இயல்பான வடிவம் 'ஏ', மாறியது 'எஸ்'. இந்த 'எஸ்' வடிவம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் (எஸ்எஸ்) நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் (ஏஎஸ்) பெரும்பாலும் தொந்தரவில்லை, கடும் ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் உண்டு.

முதலில் பிறப்புக் கணக்கு. ஊரில் உள்ள மொத்த மரபணுப் பிரதிகளில் (ஆளுக்கு இரண்டு) எஸ் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1000 குழந்தைகளில் ஏஏ 0.9×0.9, அதாவது 810 பேர், ஏஎஸ் 2×0.9×0.1, அதாவது 180, எஸ்எஸ் 10.

அடுத்து, அதே குழந்தைகளைப் பெரியவர்களாக எண்ணுங்கள். சிகிச்சை இல்லாத மலேரியாப் பகுதியில் எஸ்எஸ் பத்துப் பேரும், ஏஏ ஒன்பதில் ஒருவரும் இறப்பதாகக் கொண்டால் மிஞ்சுவது 720 + 180 = 900 பேர். ஆளுக்கு இரண்டு பிரதி, ஆக 1800. அதில் எஸ் 180. மறுபடியும் அதே 10 சதவீதம்! இரண்டு பக்க இழப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால்தான் இவ்வளவு கொடிய மரபணு தலைமுறை தலைமுறையாகத் தங்குகிறது.

இப்போது மலேரியாவை நீக்குங்கள். ஏஏ யாரும் இறப்பதில்லை, எஸ்எஸ் மட்டும் முன்போலவே இறக்கிறார்கள். 810 + 180 = 990 பேர், 1980 பிரதிகள், அதில் எஸ் 180: 9.09 சதவீதம். அடுத்த தலைமுறையில் 8.33. சூத்திரம் இது: தொடக்கப் பங்கு ÷ (1 + தலைமுறை எண்ணிக்கை × தொடக்கப் பங்கு). பங்கைத் தசமமாக எழுதுங்கள், 10 சதவீதம் என்றால் 0.1. 10 சதவீதம் 5 ஆவதற்குப் 10 தலைமுறை, ஏறக்குறைய 250 ஆண்டுகள். 5 சதவீதம் 2.5 ஆக மேலும் 20 தலைமுறை வேண்டும். எஸ் அரிதாக அரிதாக ஏஎஸ் ஆட்களுக்குள் ஒளிந்துகொள்கிறது. அங்கே தேர்வின் கை எட்டாது. ஹைட்ராக்சியூரியா போன்ற சிகிச்சையால் எஸ்எஸ் உள்ளவர்கள் வளர்ந்து குழந்தை பெற்றால் இறக்கம் இன்னும் மெதுவாகும். அதைக் காட்டி யாருக்கும் சிகிச்சை மறுக்க முகாந்திரமே இல்லை.

உண்மையான ஊரில் எண்ணும்போது கவனம் தேவை. கரைதிறன் சோதனை எஸ் இருப்பதை மட்டும் சொல்லும். ஏஎஸ், எஸ்எஸ் எது என்று பிரிக்காது. அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரெசிஸ் அல்லது எச்பிஎல்சி சோதனை வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடம் கருப்பருவ ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் கரைதிறன் சோதனை தவறிவிடும். சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களை விட்டுவிடுங்கள். மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் எண்ணினால் எஸ்எஸ் வீங்கித் தெரியும்.

பெரும்பாலோர் சறுக்குவது அகமணத்தில். தங்களுக்குள்ளேயே மணமுடிக்கும் சம அளவுள்ள இரு சமூகங்களில் எஸ் 2, 18 சதவீதம் என்றால் சராசரி 10தான். ஆனால் ஆயிரத்துக்கு எஸ்எஸ் 10 அல்ல, 16. ஏஎஸ் 180 அல்ல, 167. தேர்வே இல்லாமல் வந்த வித்தியாசம் இது. சமூகவாரியாகப் பிரித்துக் கணக்கிட்டால் காணாமல்போகும்.