யாழ்ப்பாணத்துக்குப் படை அனுப்பிய கோப்பைக் கேட்பது எப்படி?

1987 ஜூலை 29-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அமைதி காக்கப் போன நம் படை, அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் புலிகளோடு போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் படை முழுதாகத் திரும்புவதற்குள் நம் வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அங்கே செத்த தமிழர்களின் கணக்கு தனி. அந்த ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவில் டெல்லியில் யார் யார் கூடினார்கள், எந்தக் குறிப்பை முன்னால் வைத்து முடிவெடுத்தார்கள் என்பதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. எப்படிக் கேட்பது என்பதுதான் இங்கே.

நான் அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். திருத்துறைப்பூண்டியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தகவல் உரிமை மனு எழுதிக் கொடுக்கிறேன். பெரும்பாலும் பயிர்க் காப்பீடு, வாய்க்கால் தூர்வாரிய பில், பட்டா. எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். அவர் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்பாதவர். பென்ஷன் வருகிறது, குறையில்லை. "ஆனா யார் தம்பி போகச் சொன்னது, எதுக்குன்னு எழுதி வெச்சிருப்பாங்கல்ல?" என்று கேட்டார். எழுதித்தான் வைத்திருப்பார்கள் அக்கா.

முதலில் பணம் கட்டும் முறை. நம் ஊரில் மாநில அரசுக்கு மனு போட்டுப் பழகியவர்கள் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை ஒட்டிவிடுவார்கள். மத்திய அரசுக்கு அது செல்லாது. பத்து ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர் எடுத்து, பெறுபவர் இடத்தில் அந்த அமைச்சகத்தின் கணக்கு அலுவலர் என்று எழுதுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்றிதழ் நகல் போதும். மத்திய அரசின் இணையதளத்திலும் போடலாம். பல தலைமை அஞ்சலகங்களில் கொடுத்தாலும் அங்கிருந்து அனுப்பிவைப்பார்கள். அப்படிக் கொடுத்தால் பதில் தருவதற்கான முப்பது நாளோடு ஐந்து நாள் கூடும். மனுவைத் தமிழிலேயே எழுதலாம், தகவல் உரிமைச் சட்டத்தின் ஆறாவது பிரிவு அதை அனுமதிக்கிறது. 500 சொல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். "ஏன் படை அனுப்பினீர்கள்?" என்று எழுதாதீர்கள். காரணம் விளக்குவது தகவல் அலுவலரின் வேலை இல்லை, அவரிடம் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். எடுத்த எடுப்பில் கோப்பையே கேட்பதும் வேண்டாம். "நாட்டின் பாதுகாப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். முதல் மனுவில் கோப்புகளின் பட்டியலை மட்டும் கேளுங்கள். நான் எழுதித் தருவது இப்படி:

"29.07.1987 முதல் 31.10.1987 வரை, இலங்கைக்கு இந்தியப் படை அனுப்புவது, அங்கே படை நடவடிக்கை எடுப்பது தொடர்பாகத் தங்கள் அமைச்சகத்தில் கையாளப்பட்ட கோப்புகளின் எண், தலைப்பு, பக்க எண்ணிக்கை, இப்போதைய ரகசிய வகை ஆகியவற்றின் பட்டியல் வேண்டும். அவற்றுள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் சென்றவை எவை, அழிக்கப்பட்டவை எவை என்ற விவரமும், அழித்ததற்கான பட்டியலின் நகலும் வேண்டும்."

இதே மனுவை வெளியுறவு, பாதுகாப்பு அமைச்சகங்களுக்கும், அமைச்சரவைச் செயலகத்துக்கும், பிரதமர் அலுவலகத்துக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். தங்களிடம் இல்லை என்றால் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். ரா, ஐ.பி. போன்ற உளவு அமைப்புகள் பக்கம் போக வேண்டாம். ஊழல், மனித உரிமை மீறல் தவிர மற்றவற்றில் அவர்களுக்குச் சட்டத்திலிருந்தே விலக்கு உண்டு. ராணுவத்துக்கு அப்படி ஒட்டுமொத்த விலக்கு கிடையாது.

பட்டியல் வந்தால், அடுத்த மனுவில் கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு நகல் கேளுங்கள். அதில் 8(3) என்ற பிரிவைக் கட்டாயம் எழுதுங்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய நிகழ்வு என்றால், தகவலை மறுக்க அவர்களிடம் மூன்று காரணம்தான் மிஞ்சும்: 8(1)(ஏ) பாதுகாப்பு, 8(1)(சி) நாடாளுமன்ற உரிமை, 8(1)(ஐ) அமைச்சரவைத் தாள்கள். 1987 அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. வெளிநாட்டு அரசு நம்பிக்கையில் கொடுத்த தகவல் என்ற காரணம் இந்த மூன்றில் இல்லை. கொழும்போடு நடந்த கடிதப் போக்குவரத்தைக் கேட்கும்போது இது கைகொடுக்கும்.

அமைச்சரவைத் தாள் என்று சொல்லித் தட்டினால், அதே (ஐ) உட்பிரிவின் பின்பாதியைக் காட்டுங்கள். முடிவெடுத்து விஷயம் முடிந்துபோன பிறகு அந்த முடிவையும், அதன் காரணங்களையும், அதற்கு அடிப்படையான ஆவணங்களையும் வெளியிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மற்ற விலக்குகளுக்குள் வருபவை மட்டும் வராது. படை 1990-லேயே திரும்பிவிட்டது. இன்னும் எது முடியவில்லை என்று கேளுங்கள். சில பக்கங்கள்தான் ரகசியம் என்றால், பத்தாவது பிரிவின்படி அவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தரச் சொல்லுங்கள்.

"கோப்பு கிடைக்கவில்லை" என்றும் பதில் வரலாம். அது சட்டம் சொல்லும் விலக்கே இல்லை. கிடைக்கவில்லை என்று சொல்லி நழுவ முடியாது, தேடவும் விசாரிக்கவும் வேண்டும் என்று 2013-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகமும் 2021-ல் ஒரு கொள்கை வெளியிட்டது: போர் ஆவணங்களைச் சாதாரணமாக 25 வருஷத்தில் ரகசிய வகையிலிருந்து எடுக்க வேண்டும், போர் வரலாறு எழுதி முடித்ததும் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று. அதையும் மனுவில் சேருங்கள்.

எல்லாம் கிடைத்துவிடும் என்று ஆசை காட்ட மாட்டேன். 1962 சீனப் போரில் எங்கே தவறினோம் என்று ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963-ல் கொடுக்கப்பட்டது. பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கேட்டுப் பார்த்தார். 2010-ல் மத்தியத் தகவல் ஆணையமே தர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கடைசியில் 2014-ல் அதன் ஒரு பகுதியை வெளியிட்டவர் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல். நம் போரைப் பற்றி நம் அரசு எழுதி வைத்ததை வெளியாள் தந்து படிக்க வேண்டியிருந்தது. எனக்கு இது ஆறவே இல்லை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நம் சட்டம் உசத்தி. இராக் போருக்கு முன் 2003 மார்ச்சில் நடந்த அமைச்சரவைக் கூட்டங்களின் குறிப்பை வெளியிடச் சொல்லி பிரிட்டனில் 2009-ல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா தன் தடை அதிகாரத்தால் அதை நிறுத்திவிட்டார். நம் சட்டத்தில் அமைச்சருக்கு அந்த அதிகாரம் இல்லை. அதனால் மறுப்புக் கடிதம் வந்ததும் சோர்ந்துவிடாதீர்கள்.

கடிதத்தில் எந்தப் பிரிவு, என்ன காரணம், மேல்முறையீடு யாரிடம் என்ற மூன்றும் இருக்கிறதா பாருங்கள். முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அது சரிப்படவில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் டெல்லியில் மத்தியத் தகவல் ஆணையத்துக்கு. இரண்டுக்கும் கட்டணமில்லை. விசாரணைக்கு டெல்லி போக வேண்டாம், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் காணொளி வசதி இருக்கிறது. அங்கே நீளமாகப் பேசத் தேவையில்லை. மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு 19(5)-இன்படி அதிகாரியுடையது என்று சொல்லுங்கள். இதை இன்று வெளியிட்டால் எந்தத் தீங்கு வரும் என்று பக்கம் பக்கமாக அவரைச் சொல்லச் சொல்லுங்கள். வீரர் குடும்பம் என்றால் 8(2)-ஐயும் சேர்த்து, பொதுநலன் பெரிது என்று எழுதிக் கொடுங்கள். அக்காவின் மனுவில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.