பிரேக் மிதி பஞ்சாகிப் போனபோது

தங்கச்சிமடத்திலிருந்து மண்டபத்துக்கு மீன்பெட்டி ஏற்றும் என் குட்டியானையில் பிரேக் மிதித்தால் பஞ்சுபோல் உள்ளே போனது. இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிடிக்கும். பாம்பன் பாலத்து இறக்கத்தில் உயிரே போய்விட்டது.

முதலில் பிரேக் ஷூ (சக்கரத்தில் உரசி நிறுத்தும் கட்டை) மாற்றியது தண்டச் செலவு. உப்புக்காற்றில் துருப்பிடித்த பிரேக் எண்ணெய்க் குழாயை நான் மாற்றியபோது உள்ளே காற்று புகுந்திருக்கிறது. எண்ணெய் லேசில் சுருங்காது. தண்ணீரே 100 மடங்கு காற்றழுத்தத்தில் அரை சதவீதம்தான் சுருங்கும். காற்றோ அழுத்தம் இரட்டித்தாலே பாதியாகிவிடும். மிதி இறங்கிய தூரமெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்கவே போயிருக்கிறது.

அப்புறம் மச்சானை மிதிக்கச் சொல்லி, பிரேக் எண்ணெய் டப்பாவிலிருந்து தூரத்திலுள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி, காற்றை வெளியேற்றும் சிறு திருகான நிப்பிளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன். “மிதி மச்சான், காலை எடுக்காதே!” நுரை நின்று வெறும் எண்ணெய் வரும்வரை. இடையில் டப்பாவில் எண்ணெய் குறைந்தால் மறுபடி காற்றுதான். இப்போது மிதி கல்லாக நிற்கிறது.