மளிகைக் கடையில் உணவுப் பாதுகாப்புச் சோதனை: மும்பையில் நம் கடைக்காரர்கள் செய்யும் தவறுகள்

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு உரிம விண்ணப்பங்களையும் அரசு அறிவிப்புகளுக்கான பதில் கடிதங்களையும் எழுதிக் கொடுப்பது என் வேலை. நான் பார்த்தவரை, உணவுப் பாதுகாப்புச் சோதனையில் சிக்கிக்கொள்ளும் கடைகளில் பெரும்பாலானவை கலப்படம் செய்த கடைகள் அல்ல. தன்னிடம் இருக்கும் பொருள் எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று காகிதத்தில் காட்ட முடியாத கடைகளும், புரியாத மொழியில் எழுதிய தாளில் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்ட கடைகளுமே அதிகம். இரண்டும் முன்கூட்டியே தவிர்க்கக் கூடியவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே நடக்கும் தவறு, எந்த உரிமம் எதற்கு என்று தெரியாமல் இருப்பது. சோதனைக்கு வந்தவர் உணவு உரிமத்தைக் கேட்டால், சுவரில் மாட்டிய குமாஸ்தா சான்றிதழைக் காட்டுகிற கடைக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். குமாஸ்தா என்பது கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்படியான பதிவு. தராசுக்கு முத்திரை வைப்பது எடையளவுத் துறை. உணவுக்கு உரியது, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் கிடைக்கும் பதிவோ உரிமமோ மட்டுமே. மகாராஷ்டிரத்தில் அந்தச் சட்டத்தைச் செயல்படுத்துவது மாநில அரசின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம். நம் ஆட்கள் எஃப்.டி.ஏ. என்று சொல்வது அதைத்தான். அதன் எண் 14 இலக்கம் கொண்டது. சிறு வியாபாரிக்கான பதிவு 2 என்ற இலக்கத்திலும், உரிமம் 1 என்ற இலக்கத்திலும் தொடங்கும். 2022 ஜனவரி 1 முதல் அந்த எண் விற்பனை ரசீதிலும் அச்சாகியிருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சான்றிதழ் இருந்தால் போதும் என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு; அதில் என்ன தொழில் எழுதியிருக்கிறது என்பதே கேள்வி. சில்லறை விற்பனை என்று மட்டும் பதிந்துவிட்டு, மூட்டையில் வாங்கிய துவரம்பருப்பை அரைக் கிலோ பாக்கெட்டுகளாகக் கட்டி வைத்தால், அது மறுபொதியல் என்ற தனி வகை. நம் கடைகளில் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு இட்லி மாவு. வீட்டில் கிரைண்டரில் ஆட்டி, பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கடை வாசல் குளிர்ப்பெட்டியில் அடுக்கும் அந்த மாவைச் சட்டம் உற்பத்தி செய்து பொதிந்த உணவாகவே பார்க்கிறது. பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்தவரின் முகவரி, 14 இலக்க எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, சைவ உணவுக்கான பச்சைக் குறி ஆகியவை அந்தப் பையில் இருந்தாக வேண்டும். எத்தனையோ குடும்பங்கள் இந்த மாவை விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன. தொழிலின் வகையைப் பதிவில் சேர்த்து, ஒரு சின்ன லேபிளை அச்சடித்து ஒட்டினால் அந்தத் தொழில் காப்பாற்றப்படும் என்னும்போது, அதைச் செய்யாமல் விடுவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான தவறைப் பார்ப்போம்: கச்சா பில், அதாவது முறையான ரசீது இல்லாமல் துண்டுச் சீட்டில் சரக்கு வாங்குவது. வாஷி சந்தையிலிருந்தோ மஸ்ஜித் பந்தரிலிருந்தோ சரக்கு எடுக்கும்போது, விலை கொஞ்சம் குறையும் என்பதற்காகத் துண்டுச் சீட்டில் கணக்கு எழுதி வாங்கி வருவது நெடுங்காலப் பழக்கம். துவரம்பருப்பில் அதைப் போலவே தோன்றும் கேசரிப் பருப்பு கலந்திருந்தாலோ, மிளகாய்ப் பொடியில் சாயம் இருந்தாலோ, "மொத்த வியாபாரி கொடுத்ததை அப்படியே விற்றேன்" என்று நம் கடைக்காரர் சொல்கிறார். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் சட்டத்தின் 27ஆம் பிரிவு, எந்தத் தயாரிப்பாளரிடமிருந்து அல்லது விநியோகஸ்தரிடமிருந்து பொருள் வந்தது என்று அடையாளம் காட்ட முடியாத விற்பனையாளரையே பொறுப்பாளி ஆக்குகிறது. காலாவதியான பிறகு விற்பதும் சுகாதாரமற்ற முறையில் வைத்திருப்பதும்கூட அதே பிரிவில்தான் வருகின்றன. பக்கா பில், அதாவது முறையான ரசீது இருந்து, அதில் விற்றவரின் உணவு உரிம எண்ணும் படிவம் ஈ (Form E) என்னும் உத்தரவாத வாசகமும் இருந்தால், கேள்வி உங்களைத் தாண்டி மேலே போகும். வாங்கும் இடத்தில் கிலோவுக்கு ஒரு ரூபாய் மிச்சம் பிடித்து, அந்தப் பாதுகாப்பைக் கைவிட வேண்டாம். பில்களைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் போட்டுக் கடையிலேயே வையுங்கள். ஊருக்குப் போன அண்ணனின் பெட்டியில் இருக்கும் பில் சோதனை நேரத்தில் உதவாது.

சேமிப்பு விஷயத்தில் மும்பை மழையை மனத்தில் வைத்தே எதையும் செய்ய வேண்டும். ஒரு ஜூலை மாதத்தில், நான் கணக்கு எழுதும் ஒரு கடையில் சோதனை நடந்தபோது உடனிருந்தேன். வந்த அதிகாரி அலமாரியையோ விலைப்பட்டியலையோ பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், சுவரோடு ஒட்டிக் கிடந்த ரவை மூட்டையைச் சாய்க்கச் சொன்னார். மூட்டையின் அடிப்பகுதி கைக்கு ஈரமாகப் பட்டது, தைத்திருந்த நூலோரத்தில் வண்டு ஊர்ந்தது, மூட்டை இருந்த இடத்தில் வட்டமாகப் பூஞ்சைக் கறை படிந்திருந்தது. மேலே இருந்த ரவை வெள்ளை வெளேரென்று நன்றாகத்தான் இருந்தது. அன்று அந்தக் கடைக்காரருக்கு ஏற்பட்ட அவமானத்தை ஆறு மரப்பலகைகள் தடுத்திருக்கும். மூட்டை தரையைத் தொடக்கூடாது, சுவரையும் தொடக்கூடாது. நடுவே துடைப்பம் போய்வர இடம் வேண்டும். எலிக்கு வைக்கும் மருந்தை மாவு மூட்டைக்குப் பக்கத்தில் வைப்பது எலியைவிட ஆபத்தானது. மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் குளிர்ப்பெட்டியை அணைத்துவிட்டுக் காலையில் போடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பாலும் பனீரும் 5 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டியவை. கடைப் பையன்கள் பரணில் படுத்து எழும் கடைகளில், அவர்களுடைய படுக்கையும் துணியும் சரக்கோடு சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்; உணவைக் கையாளும் அவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை மருத்துவச் சான்று வாங்குவதும் விதி.

காலாவதியான பிஸ்கட்டையும் மசாலா பாக்கெட்டையும் கம்பெனி ஆள் வந்து எடுத்துக்கொள்வார் என்று விற்பனை அலமாரியின் ஓரத்திலேயே விட்டுவைக்கக் கூடாது. தனிப் பெட்டியில் போட்டு, விற்பனைக்கு அல்ல என்று எழுதி ஒட்டுங்கள். சமையல் எண்ணெயை டின்னிலிருந்து ஊற்றி விற்பது, மிளகாய்ப் பொடி, மஞ்சள் பொடி போன்றவற்றைப் பொதியாமல் அள்ளிக் கொடுப்பது, அயோடின் சேர்க்காத கல் உப்பைச் சமையலுக்கென்று விற்பது ஆகியவை விதிக்குப் புறம்பானவை. ஊரில் தாத்தா காலத்தில் அப்படித்தான் விற்றார்கள் என்பது இங்கே பதிலாகாது. செய்தித்தாளில் உணவைப் பொதிவதும் அப்படியே. குட்காவைப் பற்றி ஒரே வார்த்தை: 2012 முதல் மகாராஷ்டிரத்தில் அதற்குத் தடை இருக்கிறது, வாடிக்கையாளர் கேட்கிறார் என்று நாலு பொட்டலத்தைக் கல்லாவுக்குக் கீழே ஒளித்து வைத்தவர்கள் முழுக் கடையையும் இழக்க நேரிடும்.

சோதனை நாளன்று செய்யும் தவறுகள் வேறு வகையானவை. கடையை அவசரமாகச் சாத்துவது, பொருளை மறைப்பது, வாக்குவாதம் செய்வது ஆகியவை தனிக் குற்றமாகிவிடும். மறுபக்கம், வந்தவர் யார் என்று கேட்காமலே கட்டிங் சாயும் உறையும் நீட்டுவது அதைவிட மோசம்; பணம் வாங்க வந்தவர் அதிகாரியே இல்லாமலும் இருக்கலாம். அடையாள அட்டையைப் பார்த்து, பெயரையும் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த உண்மையான அதிகாரியும் தவறாக நினைக்க மாட்டார்.

சோதனையில் கண்டதைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பஞ்சநாமா மராத்தியில் எழுதப்படும். நம் ஆட்களில் பலருக்கு மராத்தி பேசத் தெரியும், கையெழுத்தில் எழுதியதைப் படிக்கத் தெரியாது. அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டு, பின்னர் அதில் கடையில் கண்டதற்கு மேல் எழுதியிருப்பதாகப் புலம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பள்ளியில் மராத்தி படித்த மகளையோ பக்கத்துக் கடைக்காரரையோ அழைத்து உடன் வைத்துக்கொள்ளுங்கள். எழுதியது உண்மைக்கு மாறாக இருந்தால், கையெழுத்துக்கு மேலே உங்கள் மறுப்பைத் தமிழிலாவது எழுதுங்கள். ஒரு நகலைக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போடாமல் முரண்டு பிடிப்பதாலும் பயனில்லை, சாட்சியின் கையெழுத்தோடு வேலை நடந்துவிடும்.

மாதிரி எடுக்கும்போது அதற்கு உரிய விலையை அதிகாரி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். "நம்ம கடைப் பொருள்தானே, காசு வேண்டாம் சார்" என்று சொல்லாதீர்கள். பணத்தை வாங்கி, பாக்கெட்டில் உள்ள தொகுதி (பேட்ச்) எண்ணை எழுதிப் பில் போடுங்கள், எந்தப் பாக்கெட் போயிற்று என்பதற்கு அதுவே சான்று. மாதிரி நான்கு பகுதிகளாகப் பிரித்து முத்திரையிடப்படும். ஒன்று அரசின் உணவுப் பகுப்பாய்வாளருக்கும் இரண்டு நியமன அதிகாரியின் (சோதனைக்கு வரும் அதிகாரிக்கு மேலுள்ளவர்) பாதுகாப்புக்கும் போகும். நான்காவது பகுதியை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி, உங்கள் செலவில், நீங்கள் எழுத்தில் கேட்கலாம். இரண்டு ஆய்வகங்களின் முடிவும் மாறுபட்டால், பாதுகாப்பில் இருக்கும் ஒரு பகுதி மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். அதன் முடிவே இறுதியானது. இவ்வளவு பெரிய உரிமை இருந்தும், கேட்க வேண்டும் என்று தெரியாததால் நம் கடைக்காரர்கள் அதை அந்த இடத்திலேயே இழந்துவிடுகிறார்கள்.

பிறகு வரும் தபாலைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் சொருகுவது கடைசித் தவறு. குறைகளைச் சரிசெய்யச் சொல்லும் அறிவிப்பு என்றால், 14 நாட்களுக்குக் குறையாத அவகாசம் அதில் இருக்கும். அதற்குள் பலகை வாங்கிப் போட்டு, படம் எடுத்து, கடிதத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும். பொருள் தரமற்றது என்ற ஆய்வறிக்கை என்றால், கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நியமன அதிகாரியிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். நாளைக் கணக்கிடுவதில் தகராறு வராமல் இருக்க, உறையைத் தூக்கி எறியாமல், அது வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.