மூலநிரல் வந்துவிட்டது, அப்புறம்? பழைய மொழிகள் திறமூலமாகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மே மாதம் ஜிடபிள்யூ-பேசிக் என்ற பழைய நிரல்மொழியின் மூலநிரலை மைக்ரோசாஃப்ட், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வெளியிட்டது. 1983-ஆம் ஆண்டைச் சேர்ந்த, இன்டெல் 8088 செயலிக்கான அசெம்பிளி கோப்புகள்; யாரும் தாராளமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமம். பேசிக்கில் தட்டித் தட்டியே நிரல் எழுதப் பழகிய தலைமுறைக்கு அது நல்ல நாள்தான். ஆனால் கோப்புகளை இறக்கிப் பார்த்தால் அவற்றைக் கம்பைல் செய்யும், அதாவது ஓடக்கூடிய நிரலாக மாற்றும், ஸ்கிரிப்ட் இல்லை, அதற்கான கருவிகளும் இல்லை. மூலநிரலைத் திருத்தி அனுப்பினால் ஏற்க மாட்டோம் என்று முகப்புக் குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். வரலாற்றுக்காக வைத்திருக்கிறோம், படித்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

இதில் மைக்ரோசாஃப்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சொன்னதைத்தான் செய்தார்கள். தவறு நம் பக்கம் நடக்கிறது. பழைய மொழி ஒன்றின் மூலநிரல் வெளியான செய்தியைப் பார்த்ததும், மொழி பிழைத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். நிரலைப் படிக்கக் கொடுப்பது ஒன்று; அதை மாற்றி, சோதித்து, அடுத்த பதிப்பாக வெளியிட ஆள் இருப்பது வேறொன்று. முன்னது ஒரே நாளில் நடக்கும். பின்னதற்கு வருடக்கணக்கில் ஆகும், பல மொழிகளுக்கு அது நடப்பதே இல்லை.

ஆகவே செய்தி வந்தவுடன் செய்ய வேண்டியது, எதுவும் நிறுவாத ஒரு கணினியில் அந்த மூலநிரலைக் கம்பைல் செய்து பார்ப்பது. ஒரு நிறுவனத்துக்குள் பல வருடம் வளர்ந்த நிரல், அந்த நிறுவனத்தின் கணினிகளில் மட்டும் ஒழுங்காகக் கம்பைல் ஆகும் பழக்கம் கொண்டது. அதைவிடப் பெரிய சிக்கல், அதற்குள் அடுத்தவர் சொத்து கலந்திருப்பது. ஜாவாவைத் திறப்பதாக சன் நிறுவனம் 2006 நவம்பரில் அறிவித்தது. 2007 மே மாதம் நூலகங்களின் நிரல் வந்தபோது ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திறக்க முடியவில்லை. எழுத்துருக்களை வரையும் பகுதி, ஒலி, நிற மேலாண்மை போன்றவை வெளியாரிடம் உரிமம் வாங்கியவை. ரெட் ஹேட் தொடங்கிய ஐஸ்டீ திட்டம் அந்த ஓட்டைகளை அடைத்தது. ஃபெடோரா லினக்ஸில் இருந்த ஓப்பன்ஜேடிகே (ஜாவாவின் திறமூல வடிவம்) 2008 ஜூனில்தான், ஜாவா விதிகளுக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பொருந்துசோதனையில் தேறியது. ஆளும் பணமும் இருந்த ஜாவாவுக்கே அந்த 4 சதவீதம் ஒரு வருடத்தைத் தின்றது. நாலைந்து பேர் மட்டும் பராமரிக்கும் மொழிக்கு அதே அளவு ஓட்டை கழுத்தைப் பிடித்துவிடும்.

அடுத்து உரிமம். திறமூலம் என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு உரிமத்தின் விவரங்களைப் படிக்காமல் விடுவது மிகச் சாதாரணமான தவறு. எடிட்டருக்கோ பிரவுசருக்கோ இது அவ்வளவு முக்கியமில்லை. நிரல்மொழியின் கதை வேறு. நீங்கள் எழுதும் ஒவ்வொரு நிரலோடும் அந்த மொழியின் இயக்க நூலகம், அதாவது நிரல் ஓடத் தேவையான ஆயத்த நிரல் தொகுப்பு, ஒட்டிக்கொண்டு போகிறது. அந்த நூலகம் விதிவிலக்கு ஏதுமற்ற ஜிபிஎல் உரிமத்தில் இருந்தால், நீங்கள் பிறருக்குக் கொடுக்கும் நிரலும் அதே உரிமத்துக்குக் கட்டுப்பட வேண்டிய நிலை வரலாம். இதனால்தான் ஓப்பன்ஜேடிகே நூலகங்களுக்கு, அவற்றோடு சேரும் உங்கள் நிரலை ஜிபிஎல் கட்டுப்படுத்தாது என்று சொல்லும் 'கிளாஸ்பாத் விதிவிலக்கு' தனியாக இருக்கிறது. தரவுத்தள நிரல்கள் எழுதப் பயன்பட்ட கிளிப்பர் மொழிக்கு மாற்றாக வந்த ஹார்பர் கம்பைலரும் அப்படியொரு விதிவிலக்கைச் சேர்த்துக்கொண்டது. கம்பைலரின் உரிமம் என்ன, இயக்க நூலகத்தின் உரிமம் என்ன என்று இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

உரிமத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? ஸ்க்வீக்கைப் பாருங்கள். ஸ்மால்டாக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த இதை ஆப்பிள் 1996-இல் தன் சொந்த உரிமத்தில் வெளியிட்டது. அந்த உரிமத்தின் சில நிபந்தனைகள் திறமூல வரையறைக்குப் பொருந்தவில்லை. 2006-இல் ஆப்பிள் தன் பங்கை அப்பாச்சி உரிமத்துக்கு மாற்றிக் கொடுத்தது. ஆனால் நடுவில் பத்து வருடம் ஊரெல்லாம் சேர்ந்து நிரல் எழுதியிருந்தது. பங்களித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. சம்மதம் கிடைக்காத பகுதிகளை அகற்றவோ மாற்றி எழுதவோ வேண்டியிருந்தது. 2010-இல் 4.0 பதிப்பு வந்தபோதுதான் அந்த வேலை முடிந்தது. எந்த நிபந்தனையில் பங்களிக்கிறார்கள் என்பதை முதல் பேட்ச் (திருத்தம்) வரும் அன்றே எழுதி வைத்திருந்தால் இதில் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

நிரல் கிடைத்ததால் பெயரும் கிடைத்துவிட்டது என்று நினைப்பதும் ஆபத்து. பெயர் வணிகக்குறிச் சட்டத்தின் கீழ் வருகிறது, மூலநிரலின் உரிமம் அதைத் தொடாது. பெரிய நிறுவன மென்பொருட்களுக்கான ஜாவா இஇ-யை, திறமூலத் திட்டங்களை நடத்தும் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் கொடுப்பதாக 2017-இல் ஆரக்கிள் அறிவித்தது. நிரல் கைமாறியது, 'ஜாவா' என்ற சொல் கைமாறவில்லை. 2019-இல் பேச்சுவார்த்தை முறிந்த பிறகு 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கும் தொகுப்புகளை அதே பெயரில் வளர்க்க வழியில்லாமல் போனது. ஜாவா இஇ-யின் புதிய பெயரான ஜகார்த்தா இஇ-யின் 9-ஆம் பதிப்பில் எல்லாம் 'ஜகார்த்தா' என்று மாறின. புதிய பதிப்புக்குப் போன ஒவ்வொரு திட்டத்திலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தத் தொகுப்புகளைப் பெயர் சொல்லி அழைக்கும் இம்போர்ட் வரிகளை மாற்றினார்கள்.

சரி, நிரல் கம்பைல் ஆகிறது, உரிமமும் சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அதை வாங்கிக்கொள்ளும் கை இருக்கிறதா? என் கணிப்பில் மிகுதியான மொழிகள் தடுக்கி விழும் இடம் இதுதான். ரெபோல் மொழியின் 3-ஆம் பதிப்பு நிரலை அதன் ஆசிரியர் கார்ல் சாசன்ராத் 2012 டிசம்பரில் அப்பாச்சி உரிமத்தில் வெளியிட்டார். ஆர்வலர்கள் திருத்தங்களோடு வந்தார்கள், ஆனால் அவற்றைப் பார்த்துச் சேர்க்கும் வேலைக்கு நிலையான ஏற்பாடு இல்லை. மையக் களஞ்சியத்தின் வேகம் சீக்கிரமே அடங்கியது, அதிலிருந்து பிரிந்த கிளைப் பிரதிகள் ஆளுக்கொரு திசையில் போயின. அதன் தாக்கத்தில் பிறந்த ரெட் மொழி அதற்கு முன்பே, 2011-இலேயே, தனி வழியில் கிளம்பிவிட்டது.

ரெக்ஸ் என்ற ஸ்கிரிப்ட் மொழியின் ஐபிஎம் வடிவமான ஆப்ஜெக்ட் ரெக்ஸுக்கு இப்படி நேரவில்லை. ரெக்ஸ் மொழிச் சங்கம் முன்பிருந்தே இயங்கிக்கொண்டிருந்தது, ஐபிஎம் நிரலை நேராக அதன் கையில் கொடுத்தது. 2005-இல் ஓப்பன் ஆப்ஜெக்ட் ரெக்ஸ் வந்தது. அது பரபரப்பான மொழியாகிவிடவில்லை. 2014-இல் 4.2 பதிப்பு, 2022-இல் 5.0 பதிப்பு, நடுவில் எட்டு வருடம். ஆனாலும் பழைய ரெக்ஸ் ஸ்கிரிப்டுகளை வைத்திருப்பவருக்கு இன்றும் ஓடும் ஒரு மொழிச்செயலி இருக்கிறது, பெரும்பாலான பயனர்கள் கேட்பதும் அதைத்தான். தொலைத்தொடர்பு நிறுவனமான எரிக்சனில் பிறந்த எர்லாங் மொழி 1998 டிசம்பரில் திறக்கப்பட்டபோது எரிக்சனின் ஒரு பிரிவு புதிய தயாரிப்புகளில் அதைத் தடை செய்திருந்தது. எர்லாங்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ ஆம்ஸ்ட்ராங் உட்படப் பலர் விலகிப் புது நிறுவனம் தொடங்கினார்கள். ஆனால் எர்லாங்கைப் பராமரிக்கும் சம்பளக் குழு எரிக்சனுக்குள் தொடர்ந்து இருந்தது. அந்தக் குழு இல்லாவிட்டால் எர்லாங்கும் ரெபோல் வழியில் போயிருக்கலாம்.

இந்தப் பட்டியலில் காத்திருப்பையும் சேர்க்க வேண்டும். தரவுத்தள நிரல்மொழியான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு 9-ஆம் பதிப்புக்குப் பிறகு புதிய பதிப்பு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் 2007 மார்ச்சில் சொன்னது. பயனர்கள் மனுப் போட்டார்கள். துணைக் கருவிகள் திறந்துவிடப்பட்டன, மொழியின் கரு திறக்கப்படவில்லை. 2015 ஜனவரியில் ஆதரவும் முடிந்தது. மனுப் போடுவதில் தவறில்லை. மனு பலித்துவிடும் என்ற நம்பிக்கையில் மற்ற ஏற்பாடுகளை ஒத்திப்போடுவதுதான் தவறு. கிளிப்பர் ஆட்கள் யாருடைய கருணைக்கும் காத்திருக்கவில்லை. 1999-இல் தாங்களே ஹார்பரைத் தொடங்கினார்கள், தங்கள் நிரல்களை லினக்ஸுக்கும் கொண்டுபோனார்கள்.

மொழியின் உரிமையாளர்களுக்கும் தாமதம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. டேவிட் டர்னரின் மிராண்டா 1985-இல் விற்பனைக்கு வந்த செயல்பாட்டு மொழி, அதாவது கணிதச் சார்புகளைக் கொண்டு நிரல் எழுதும் வகை. 1987-இல் ஒரு பொதுவான செயல்பாட்டு மொழியை உருவாக்கக் கூடிய ஆய்வாளர்கள், மிராண்டாவையே அடித்தளமாகக் கொள்ளலாமா என்று கேட்டார்கள். அவர் மறுத்தார், அவர்கள் ஹாஸ்கெல்லை உருவாக்கினார்கள். மிராண்டாவின் மூலநிரல் 2020-இல் பிஎஸ்டி உரிமத்தில் வந்தது. நேர்த்தியான நிரல், படிக்க இன்பமாக இருக்கும். ஆனால் அதை வைத்து வேலை செய்திருக்கக் கூடியவர்கள் முப்பது வருடம் முன்பே ஹாஸ்கெல் பக்கம் போய்விட்டார்கள்.

உங்கள் அலுவலகத்தில் பழைய மொழி நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த மொழி இப்போது திறமூலமாகியிருக்கிறது என்றால், ஒன்றிரண்டு எளிய சோதனைகள் போதும். கடந்த ஒரு வருடத்தில் திருத்தங்களை ஏற்றுச் சேர்த்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள், அனுப்பியவர்கள் கணக்கு வேண்டாம். ஒரே ஒருவர் என்றால் அவர் விடுப்பில் போனால் மொழியும் விடுப்பில் போகிறது. அப்புறம் மொழியைச் சுற்றி இருந்தவை: ரிப்போர்ட் வடிவமைப்புக் கருவி, தரவுத்தள இணைப்பு, டீபக்கர். பல சமயம் கம்பைலர் மட்டும் திறக்கப்படும், நீங்கள் தினமும் தொடுவது பூட்டியே கிடக்கும்.

கடைசியாக, பழைய கைகளுக்கே உரிய ஒரு தவறு: புதிதாக வருபவர் நம் வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று நினைப்பது. எர்லாங்கின் மெய்நிகர் இயந்திரத்தின் மேல் ஜோசே வாலிம் எலிக்சரை உருவாக்கினார். எழுதும் முறை ரூபியைப் போன்றது, எர்லாங்குக்குப் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத்தான் படும். அதைப் போட்டியாளர் என்று விரட்டியிருக்கலாம். ஆனால் எலிக்சரில் எழுதுபவர் எர்லாங் நூலகங்களை நேராக அழைக்கிறார். அவற்றில் பிழை தட்டுப்பட்டால் அதன் மூலநிரலைத் திறந்து பார்க்கிறார், சில சமயம் திருத்தியும் அனுப்புகிறார்.