கம்பம் பள்ளத்தாக்கில் நாலு நாள் சும்மா இருந்துவிட்டு வர

முதலில் தேதியை முடிவு பண்ணுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். தேனி மாவட்டத்துக் கம்பம் பக்கம் குளிர்காலத்தில் அமைதியாகப் போய்க் கிடக்கவேண்டும் என்றால் கார்த்திகை, மார்கழியை விட்டுவிடுங்கள். மண்டல பூஜை தொடங்கினதிலிருந்து மகரவிளக்கு முடிகிறவரை, கேரள எல்லைக்குப் போகிற தேனி - குமுளி ரோடு ஐயப்ப பக்தர்களுக்கு உரியது. ராத்திரி பகல் பார்க்காமல் வேனும் பஸ்ஸும் ஓடும். கூட்டம் முற்றினால் போலீஸ் ஒருவழிப் பாதையாக்கி, மேலே போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு பக்கம் திருப்பிவிட்டு, குமுளி வழியாக இறங்கச் சொல்வார்கள். போதாததற்கு வடகிழக்குப் பருவமழை வேறு. ஜனவரி 20 வாக்கில் சபரிமலையில் நடை சாத்தியதும் ரோடு மூச்சுவிடும், மழையும் ஓய்ந்திருக்கும். அதிலிருந்து பிப்ரவரி கடைசிவரை பகலில் இதமான வெயில், ராத்திரி ஒரு போர்வை போதும். பெங்களூரிலும் டெல்லியிலும் ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் கவனிக்க.

கூட்டம் பரவாயில்லை என்றால் மட்டும் பொங்கலுக்கு வாருங்கள். மாட்டுப்பொங்கலன்று கம்பத்தில் நந்தகோபாலன் கோயிலில், சாமியாகக் கும்பிடுகிற தம்பிரான் மாட்டின் தொழுவத்துக்குச் சுற்றுவட்டார ஊரே திரளும். அது திருவிழா, ஓய்வு இல்லை.

சென்னையிலிருந்து வாரம் மூன்று நாள் போடிக்கு ரயில் இருக்கிறது, தேனியில் இறங்கிக்கொள்ளலாம். அகலப்பாதை வேலைக்காக வருஷக்கணக்கில் ரயிலே இல்லாமல் கிடந்த ஊர் இது; 2022-இல் தேனிவரை, 2023-இல் போடிவரை மறுபடி ஓட ஆரம்பித்தது. தேனியிலிருந்து கம்பம் சுமார் 40 கிலோமீட்டர், பஸ்ஸுக்குக் காத்துக்கிடக்க வேண்டாம். வாடகைக் காரில் வந்தால் கேரளாவுக்குள் போவீர்கள் என்பதை முன்னாலேயே சொல்லி, பெர்மிட் யார் போடுவது, செலவு யாருடையது என்று பேசிவிடுங்கள். எல்லைக்கு வந்து அந்தப் பேச்சைத் தொடங்கினால் பாதி நாள் போய்விடும்.

தங்குவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தேக்கடி என்ற பெயரைப் பார்த்ததும் நேராகக் குமுளிக்குப் போய் ரூம் எடுத்துவிடுவார்கள். அங்கே குளிரும், வாடகையும் கூட, கடைத்தெரு இரைச்சலும் உண்டு. கீழேயே தங்குங்கள். கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று எந்த ஊரானாலும் மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவில் நீங்கள். டவுனில் சாதாரண லாட்ஜ்கள் இருக்கின்றன. தோட்டத்து வீடு கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டுக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.

பள்ளத்தாக்கில் செய்யவேண்டிய முக்கியமான வேலை காலையில் நடப்பது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளைகிற 14,707 ஏக்கர் வயல், அந்த எண் இங்கே விவசாயம் பேசுகிறவர்களுக்கு மனப்பாடம். நீங்கள் போகிற சமயம் இரண்டாம் போகம் பச்சை கட்டி நிற்கும், வாய்க்கால் வரப்பில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். வயல் முடிகிற இடத்தில் தென்னை, வாழை, அப்புறம் திராட்சைப் பந்தல். கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்துக் கொடியை மேலே படரவிட்டிருப்பார்கள். உள்ளே கொஞ்சம் குனிந்துதான் போகவேண்டும், கறுத்த கொத்துகள் தலையில் முட்டும். கேட்காமல் நுழையாதீர்கள், பறித்து அப்படியே வாயில் போடவும் வேண்டாம், மருந்தடித்து எத்தனை நாளாயிற்று என்று தோட்டக்காரருக்குத்தான் தெரியும். ஆற்றில் குளிக்க ஆசையானால் ஊர்க்காரர்கள் குளிக்கிற துறையிலேயே இறங்குங்கள். குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப் மின் நிலையத்தில் தண்ணீரைக் கூட்டித் திறந்தால் கீழே ஆறு திடீரென்று ஏறும்.

ஒருநாள் அந்த லோயர் கேம்ப்புக்கே போய்வாருங்கள். தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வருகிற தண்ணீர், நாலு ராட்சதக் குழாய்களில் சரிவில் இறங்குவது ரோட்டிலிருந்தே தெரியும். பக்கத்தில் பென்னிகுவிக் மணிமண்டபம். 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த அந்த இங்கிலீஷ் இன்ஜினியருக்கு அவர் பிறந்த நாளான ஜனவரி 15-இல் பாலார்பட்டி கிராமத்தில் பொங்கலே வைக்கிறார்கள். மண்டபம் பார்க்க அரை மணி நேரம் தாராளம்.

அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் மலைரோடு ஏறினால் குமுளி. நம் பஸ் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும், கேட்டைத் தாண்டி நடந்தால் கேரளா. இந்தப் பக்கம் இட்லி சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் பழம்பொரியும் கட்டன் சாயாவும், அதற்கு மேல் அங்கே அவசரமாகப் பார்க்க ஒன்றும் இல்லை. தேக்கடி படகு கட்டாயம் வேண்டும் என்றால் வார நாளில், முன்பதிவு செய்துகொண்டு போங்கள். எல்லை மலைமேல் இருக்கிற கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் விடுவார்கள், ஜீப்காரர் யாராவது கூட்டிப்போகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

சொந்த வண்டிக்காரர்களுக்கு ஒன்று. விடிகாலையில் கம்பம், கூடலூர், கோம்பை, போடி எல்லா ஊரிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே போகும். உள்ளே இடமில்லாமல் பின்னால் தொற்றிக்கொண்டும் ஆள் நிற்கும். பெண்கள்தான் அதிகம், மடியில் தூக்குவாளி. டிரைவர்களுக்கு ஒவ்வொரு கொண்டை ஊசியும் அத்துப்படி, அந்த வேகத்தில்தான் வருவார்கள். காலை ஆறு முதல் எட்டு, சாயங்காலம் நாலு முதல் ஆறு, இந்த நேரங்களில் மலைரோட்டில் ஏறாமல் டீக்கடையில் உட்கார்ந்திருப்பது உத்தமம்.

சுருளி அருவிக்கும் மேகமலைக்கும் கிளம்புமுன் வனத்துறை திறந்து வைத்திருக்கிறதா என்று ஊரில் விசாரியுங்கள். வெள்ளம் வந்தாலும் யானை வந்தாலும் மூடிவிடுவார்கள். 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்கிற காட்டு யானை கம்பம் டவுன் தெருவுக்குள்ளேயே ஓடினான், அதனால் அதைச் சாக்கு என்று நினைக்காதீர்கள். மேகமலைக்குச் சின்னமனூர் வழி. செக்போஸ்ட்டில் நேரக் கட்டுப்பாடு உண்டு, இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும். குச்சனூர் சனீஸ்வரர் கோயிலைச் சனிக்கிழமை தவிர எந்தக் கிழமையும் பார்க்கலாம், வேண்டுதல் இருந்தால் அது வேறு விஷயம்.

வாங்கிவர இரண்டு பொருள். ஏலக்காயைக் குமுளியில் அளவு பார்த்துத்தான் விலை சொல்வார்கள், 8 மில்லிமீட்டர் உருண்டைக்கு விலை அதிகம். கண்ணைப் பறிக்கிற பச்சையாக இருந்தால் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் அடுத்த கடை. பாயசத்துக்கும் டீக்குமென்றால் சின்ன காயே போதும், மணம் அளவில் இல்லை. பன்னீர் திராட்சையைக் கிளம்புகிற அன்றைக்கு வாங்குங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், கொட்டை உள்ளது, சீக்கிரம் கெடும். காம்பு பச்சையாக இருக்கிறதா பாருங்கள். கொத்தைத் தூக்கி லேசாக ஆட்டினால் பழம் உதிரக்கூடாது. மேலே சாம்பல் பூத்த மாதிரி இருப்பது பழத்தின் இயல்பு, அழுக்கு என்று ஒதுக்க வேண்டாம். பாலிதீன் பையில் கட்டினால் வியர்த்து நசநசத்துவிடும், அட்டைப்பெட்டியில் பேப்பர் போட்டுத் தரச் சொல்லி, ரயிலில் பெர்த்துக்கு அடியில் தள்ளாமல் மேலே வைத்துக்கொள்ளுங்கள்.